சித்தி தலையில கொம்பு: பெரிய கோயில்ல கத்துக்கலாம் போட்டோ கம்போசிஷன்

[திரையில்: போனில் எடுத்த ஒரு படம். பட்டுப்புடவையில் ஒரு பெண்மணி, பின்னால் தஞ்சைப் பெரிய கோயில் விமானம். படம் அசையாமல் நிற்கிறது.]

இது எங்க சித்தி. பின்னாடி தெரியறது தஞ்சாவூர் பெரிய கோயில். புது போன் வாங்கின ஜோர்ல நான் எடுத்த படம். கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ராஜராஜ சோழன் 1010-ல கட்டி முடிச்ச விமானம், அதாவது கருவறை மேல நிக்கற கோபுரம், சுமார் 216 அடி உசரம். இந்தப் படத்துல அது சித்தி உசரம்தான் இருக்கு. அது போதாதுன்னு சித்தி தலை உச்சியிலேர்ந்து நேரா ஒரு கொடிமரம் முளைச்சிருக்கு.

போனை வாங்கிப் பார்த்துட்டு சித்தி கேட்டாங்க: "ஏண்டா, கோபுரத்தோட சேர்த்து எடுன்னா, என் தலையில கொம்பு வச்சு எடுத்திருக்கியே?"

இந்த ஒரு படத்தைச் சரி பண்றதுதான் இன்னிக்கு வேலை. அதைச் சரி பண்றதுக்குள்ள கம்போசிஷன்ல ஆரம்பத்துல தெரிஞ்சிக்க வேண்டியது பெரும்பாலும் வந்துடும்.

கம்போசிஷன்னு தேடினா பத்து விதி, இருபது விதின்னு பட்டியல் பட்டியலா வருது. எனக்கு அந்தப் பட்டியல்கள் மேல பெரிய மரியாதை கிடையாது. ஃப்ரேமுக்குள்ள எது வருது, எது வரலை, வந்தது ஒண்ணுக்கொண்ணு எப்படி நிக்குது, அவ்வளவுதான் சங்கதி. அதுல முக்கால்வாசி, நீங்க எந்த இடத்துல நின்னு எடுக்கறீங்கங்கிறதுலயே முடிவாயிடுது. போன் எந்த கம்பெனி, எத்தனை மெகாபிக்சல், அதெல்லாம் இந்த வீடியோவுக்கு வேண்டாம்.

[திரையில்: கொடிமரம் மட்டும் பெரிதாகிறது.]

முதல்ல கொம்பு. நேர்ல பார்க்கறப்ப கொடிமரம் சித்திக்குப் பின்னாடி எங்கேயோ இருந்துச்சு. ரெண்டு கண்ணால பார்க்கறோம், தூரம் தெரியுது, அதனால மனசு கொடிமரத்தைத் தனியா ஒதுக்கிடுது. படத்துல அந்த ஆழம் கிடையாது. பின்னாடி இருக்கறது முன்னாடி இருக்கறதோட ஒட்டிக்கும். நான் அன்னிக்கு சித்தி முகத்தை மட்டும் பார்த்துக்கிட்டு அமுக்கிட்டேன்.

இதுக்கு மருந்து ஒரு அடி. இடது பக்கமோ வலது பக்கமோ ஒரே ஒரு அடி நகர்ந்திருந்தா, கொடிமரம் தலையை விட்டு விலகியிருக்கும். சித்தியை நகரச் சொல்ல வேண்டாம். நீங்க நகருங்க, பின்னணி தானா இடம் மாறும்.

இன்னொரு பழக்கம் சொல்றேன். ஆள் மேல கண்ணு போனதும் அமுக்காம, திரையோட நாலு ஓரத்தையும் ஒரு சுத்து பார்த்துடுங்க. மேல ஒரு லைட் கம்பி, இடது மூலையில யாரோ ஒருத்தர் முழங்கை, கீழே பாதி செருப்பு. எல்லாம் ஓரத்துலதான் ஒளிஞ்சிருக்கும். ஆரம்பத்துல ரெண்டு செகண்ட் ஆகும். அப்புறம் கண்ணு தானாப் போகும். அப்படியே கணுக்கால்ல ஆளை வெட்டாதீங்க. முழு ஆளா எடுத்தா பாதத்துக்குக் கீழேயும் கொஞ்சம் தரை இருக்கட்டும். இல்லேன்னா முழங்காலுக்கு மேல, இல்ல இடுப்போட நிறுத்துங்க.

[திரையில்: பக்கவாட்டுக் கோட்டோவியம். இடப்பக்கம் போன், நடுவில் ஒரு ஆள், வலக்கோடியில் விமானம்.]

இப்ப பெரிய பிரச்சினை. 216 அடி விமானம் எப்படி சித்தி உசரத்துக்குக் குறைஞ்சுது? இதை நிதானமாப் பார்ப்போம், ஏன்னா இது புரிஞ்சா போட்டோகிராபியில பாதி கதவு திறந்துடும்.

நான் விமானத்துலேர்ந்து சுமார் 400 அடி தள்ளி நின்னேன்னு வச்சுக்கோங்க. சித்தி எனக்கு 10 அடி தூரத்துல. சித்தி உசரம் ஐந்தரை அடின்னு எடுத்துக்குவோம். படத்துல ஒரு பொருள் எவ்வளவு பெரிசாத் தெரியும்ங்கிறது, அதோட உசரத்தை அது இருக்கற தூரத்தால வகுத்தா வர்ற கணக்கு. ஐந்தரையைப் பத்தால வகுங்க, 0.55. 216-ஐ 400-ஆல வகுங்க, 0.54. ரெண்டும் ஒண்ணு! ராஜராஜனும் எங்க சித்தியும் சமம்.

இங்க எல்லாரும் பண்றது என்ன? ஜூம். ஜூம் பண்ணா சித்தியும் பெரிசாவாங்க, விமானமும் பெரிசாகும். விகிதம் அப்படியே இருக்கும். ஜூம் ஓரத்தை வெட்டித்தான் தரும், இந்தக் கணக்கை மாத்தாது.

இப்ப சித்தி அங்கேயே நிக்கட்டும். நான் முப்பது அடி பின்னால நடக்கறேன். சித்திக்கும் எனக்கும் 40 அடி, விமானத்துக்கும் எனக்கும் 430 அடி. மறுபடி வகுத்துப் பாருங்க. சித்தி 0.14-க்குக் கொஞ்சம் கம்மி. விமானம் 0.5. அதாவது விமானம் இப்போ சித்தியைப் போல மூணரை மடங்கு. முப்பது அடி நடந்ததுல சித்தி நாலுல ஒரு பங்கா சுருங்கிட்டாங்க, விமானம் கொஞ்சம்தான் குறைஞ்சுது. இதுக்கப்புறம் ஜூமை 2 எக்ஸ்ல, அதாவது ரெண்டு மடங்குல வச்சீங்கன்னா, நிமிர்த்திப் பிடிச்ச ஃப்ரேம்ல விமானம் முழுசா, கீழே சித்தி சின்னதா ஆனா தெளிவா நிப்பாங்க. கோயில் எவ்வளவு பெரிசுன்னு இந்தப் படத்துலதான் தெரியுது. அந்த அளவைச் சொல்றதே கீழே நிக்கற சித்திதான்.

[திரையில்: இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். குரல் சில நொடி நிற்கிறது.]

ஆளும் இடமும் சேர்ந்து வரணும்னு யாராவது கேட்டா, நம்ம கை உடனே ஆளை இழுத்துக் கிட்ட நிக்க வைக்கும். அந்தக் கையைக் கொஞ்சம் அடக்குங்க, கால் பின்னால போகட்டும்.

நேர்மாறாவும் ஒரு தப்பு நடக்கும். விமானத்துக்கு அடியில போய் நின்னு, போனை அண்ணாந்து பிடிச்சு எடுக்கறது. ஏற்கெனவே மேல போகப் போகக் குறுகற விமானம் அது. அண்ணாந்து பிடிக்கறப்ப நேரான சுவரே உள் பக்கமா சாயும், விமானம் இன்னும் குறுகி, பின்னால சாஞ்சு விழற மாதிரி இருக்கும். போனை எவ்வளவுக்கெவ்வளவு நேரா நிமிர்த்திப் பிடிக்கிறீங்களோ அவ்வளவு சாய்வு குறையும். நேராப் பிடிச்சா உச்சி வெட்டுப்படுதா? அப்ப இன்னும் பின்னால போகணும். பிராகாரம் சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். பின்னால போக இடத்துக்குப் பஞ்சமே இல்லாத கோயில்.

[திரையில்: ராஜராஜன் திருவாசலின் உட்புற இருட்டு. அதன் வழியே விமானம்.]

சரி, இப்ப வாசலுக்கு வாங்க. கேரளாந்தகன் திருவாசலைத் தாண்டினா ராஜராஜன் திருவாசல். இந்த வாசலுக்குள்ள நின்னு விமானத்தை எடுக்காதவங்க குறைவு. வாசலோட இருட்டு நாலு பக்கமும் சட்டம் போட்டுக் கொடுக்குது. ஃப்ரேமுக்குள்ள ஒரு ஃப்ரேம்.

ஆனா இதுலயும் கால்தான் வேலை செய்யணும். வாசலுக்குள்ள ரொம்ப உள்ள தள்ளி நின்னா, மேல இருக்கற கல் உத்திரம் விமானத்து உச்சியை வெட்டிடும். ஒவ்வொரு அடியா முன்னால வாங்க. உச்சி கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். கலசத்துக்கு மேல ஒரு கைப்பிடி வானம் தெரியற இடத்துல நில்லுங்க. இன்னும் ரெண்டு அடி போனா சட்டம் காணாமப் போயிடும். அந்த சரியான இடம் ஒரு அடி அகலம்தான் இருக்கும். பின்னாடி வர்ற கூட்டம் திட்டும், பரவாயில்ல.

போன் இங்க ஒரு குறும்பு பண்ணும். வாசல் இருட்டைப் பார்த்துட்டு, பாவம்னு அதுக்கு வெளிச்சம் ஏத்தும். விமானம் வெளுத்துப் போகும், தூண்ல சாய்ச்சு வச்சிருக்கற துடைப்பம்கூடத் தெரியும். விமானத்து மேல விரலால ஒரு தொடு தொடுங்க. பல போன்கள்ல பக்கத்துல ஒரு சூரியன் குறி வரும். அதைக் கீழே இழுங்க. வாசல் கறுப்பாகும், கல் நிறம் திரும்பி வரும்.

வெளிச்சம்னு சொன்னதும் ஒண்ணு. கோயில் கிழக்கு பார்த்தது. காலையில வெயில் நேரா முன்பக்கத்துல விழும், கல்லு பழுப்புத் தங்கமா இருக்கும். சாயங்காலம் அதே வாசல்ல நின்னா சூரியன் விமானத்துக்குப் பின்னாடி. அப்ப நிழலுருவம்தான் கிடைக்கும், அது வேணும்னா எடுங்க. விவரம் தெரியணும்னா மேற்குப் பக்கம் சுத்திப் போயிடுங்க.

விமானத்து நிழல் தரையில விழாதுன்னு சின்ன வயசுல உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க. விழும். நல்லா விழும். வெயில் சாயற நேரத்துல நூறு மீட்டருக்கு மேல கிழக்கால நீண்டு கிடக்கும். எனக்கு அந்த நிழல் ரொம்பப் பிடிக்கும். நிழலோட விளிம்பு ஃப்ரேம்ல குறுக்கே வர்ற மாதிரி நின்னுக்கிட்டா, இருட்டுலேர்ந்து வெயிலுக்குள்ள கால் வைக்கற ஒவ்வொரு ஆளும் ஒரு படம்.

[திரையில்: போன் கேமராவில் கிரிட் கோடுகள்.]

இப்ப அந்தப் பிரபலமான மூணுல ஒரு பங்கு விதி. கேமரா செட்டிங்ஸ்ல கிரிட்டைப் போட்டா திரை ஒன்பது கட்டமாகும். முக்கியமான ஆளை நடுவுல வைக்காம ஒரு கோட்டு மேல வை, அடிவானத்தை மேல் கோட்டுலயோ கீழ் கோட்டுலயோ வைன்னு சொல்வாங்க. இந்தப் பேர் வச்சு இதை எழுதினவர் ஜான் தாமஸ் ஸ்மித்ங்கிற ஆங்கிலேய ஓவியர், 1797-ல. போட்டோவே இல்லாத காலம்! கிராமத்து நிலக்காட்சி வரையறவங்களுக்காக, வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவுன்னு சொன்ன யோசனை அது.

உபயோகம் இருக்கா? இருக்கு. பிராகாரத்துல ஒருத்தர் நடந்து போறார்னா, அவர் போற திசையில இடம் விட்டு, அவரை எதிர்ப் பக்கக் கோட்டுல வைங்க. நடக்க வழி இருக்கற மாதிரி இருக்கும். ஆனா வாசலுக்கு நேரா நின்னு விமானத்தை எடுக்கறப்ப இந்த விதியை மூட்டை கட்டி வச்சுடுங்க. வாசல், நந்தி மண்டபம், விமானம் எல்லாம் ஒரே நேர்கோட்டுல அமைச்ச கோயில். கட்டினவங்க நடுவுல வச்சதை நாம ஓரத்துக்குத் தள்ளினா படம் கோணலாத்தான் நிக்கும். நடுவுல வைக்கறதுன்னா மட்டும் கறாரா நடுவுல வைங்க. நாலு விரக்கடை விலகினாலும் கண்ணு கண்டுபிடிச்சிடும். கிரிட் எனக்கு அதிகம் உதவறது இந்த நேர் பார்க்கறதுக்குத்தான்.

[திரையில்: திருச்சுற்று மாளிகை. தூண் வரிசை உள்நோக்கி ஓடுகிறது.]

கடைசியா திருச்சுற்று மாளிகைக்குப் போவோம். மதிலை ஒட்டி நீளமா ஓடற தூண் வரிசை. மார்கழி, தை மாசக் காலையில சூரியன் தெற்கா சாஞ்சு வரும். அதனால வடக்குப் பக்க மாளிகைக்குள்ள வெயில் ஏறும். தூண் நிழல் தரையில கோடு கோடா விழும். தூண், நிழல், கூரை விளிம்பு எல்லாக் கோடும் தூரத்துல ஒரே புள்ளியை நோக்கி ஓடும். இதைத்தான் லீடிங் லைன்ஸ்னு சொல்றாங்க.

நான் இங்க முதல்ல எடுத்த படங்கள்ல கோடு அழகா ஓடும், ஓடிப்போய் ஒரு குப்பைத் தொட்டியில முடியும். கோடு கண்ணைக் கூட்டிட்டுப் போகுதுன்னா, போய்ச் சேர்ற இடத்துல ஏதாவது இருக்கணும். ஒரு ஆள், ஒரு விளக்கு, ஒரு வெளிச்சத் துண்டாவது. இல்லேன்னா வேற தூணுக்கு மாறி நில்லுங்க. உட்கார்ந்தும் பாருங்க, போன் தரைக்குக் கிட்ட வந்தா நிழல் கோடுகள் ஃப்ரேம்ல அடி வரைக்கும் வரும்.

அப்புறம் காத்திருக்கணும். பிரெஞ்சு போட்டோகிராபர் ஆன்ரி கார்த்தியே பிரஸோன் 1932-ல ஹையேர்ங்கிற ஊர்ல எடுத்த படம் ஒண்ணு உண்டு. மேலேர்ந்து பார்க்கற மாதிரி வளைஞ்சு இறங்கற படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, கீழே தெருவுல ஒரு சைக்கிள்காரர் கடந்து போறார். படிக்கட்டும் கம்பியும் எங்கேயும் ஓடிடப் போறதில்லை. சைக்கிள் மட்டும்தான் ஒரு நொடி. இவருக்கும் நம்ம ஊருக்கும் தொடர்பு உண்டு, 1950 ஏப்ரல்ல ரமண மகரிஷி மறைஞ்சப்ப திருவண்ணாமலையில இருந்தவர்.

மாளிகையிலயும் அதேதான். ஃப்ரேமைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் ஆடாம நில்லுங்க. வர்றவங்களை எல்லாம் எடுக்காதீங்க. ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கற வெயில் பட்டையில ஒருத்தர் கால் படற நேரம் அமுக்குங்க. போன மார்கழியில நான் நின்னப்ப பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் வந்தான். நிழல் கோட்டை மிதிக்காம வெயில்ல மட்டும் தாவித் தாவி ஓடினான். பதினோரு தடவை அமுக்கினேன், ரெண்டு காலும் தரையில படாத படம் ஒண்ணே ஒண்ணு.

[திரையில்: அந்தப் படம். பிறகு சித்தியின் புதிய படம்: முழு விமானம், கீழே சிறிய உருவம்.]

அன்னிக்கு சித்தியும் வந்திருந்தாங்க. பழைய கடனைத் தீர்க்கலாம்னு, அவங்களை நிக்க வச்சிட்டு முப்பது அடி பின்னால நடந்தேன். 2 எக்ஸ். கொடிமரம் ஃப்ரேம்லயே இல்ல. காலை வெயில், விமானம் உச்சி வரைக்கும் முழுசு, நாலு ஓரமும் சுத்தம். இதைவிட நல்ல கோயில் படம் நான் எடுத்ததில்லை.

சித்தி போனைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தாங்க. "நான் எங்கடா இருக்கேன்?"

இன்னிக்கும் அவங்க வாட்ஸ்அப் டிபியில இருக்கறது கொம்பு முளைச்ச படம்தான். அதுலதான் புடவை பார்டர் தெரியுதாம்.