340 அடி வேக வில் வாங்கலாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டோங்காட் ஊரில் இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கிறார். முதலில் அதைப் படித்துவிடுகிறேன். "அண்ணா, ஆறு வருடமாக ஒரு பழைய காம்பவுண்டு வில் (நுனிகளில் கப்பி வைத்த வில்) வைத்திருக்கிறேன், இழுவை 55 பவுண்டு. இந்தக் குளிர்காலத்தில் சூலுலாந்துப் பக்கம் இம்பாலா, நியாலா மான் வேட்டைக்குப் போக ஆசை. காசு சேர்ந்தால் ஒருநாள் கூடூ என்கிற பெரிய மானுக்கும் போக வேண்டும். புது வில் பார்க்கக் கடைக்குப் போனேன். 70 பவுண்டு, விநாடிக்கு 340 அடி வேகம் என்று எழுதிய வில்லைக் காட்டினார்கள். எனக்கு உயரம் 5 அடி 8 அங்குலம். அதையே எடுக்கலாமா?"

தம்பி, எடுக்க வேண்டாம். அது மோசமான வில் என்பதால் சொல்லவில்லை. உங்கள் உடம்புக்கும் நீங்கள் போகிற வேட்டைக்கும் அது பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே தப்பை நான் செய்திருக்கிறேன், அதற்கு ஓர் உயிர் விலை கொடுத்தது.

முதலில் அந்த 340-ஐப் பார்ப்போம். வில் செய்கிறவர்கள் வேகத்தை அளக்க ஒரு பொது முறை வைத்திருக்கிறார்கள். இழுவை, அதாவது நாணை இழுக்க வேண்டிய பலம், 70 பவுண்டு; நாணை இழுக்கிற தூரமான இழுப்பு நீளம் 30 அங்குலம்; அம்பின் எடை 350 கிரெய்ன் (கிரெய்ன் என்பது கிராமைவிடச் சின்ன எடை அளவு). இந்த மூன்றையும் வைத்து எய்தால் வருகிற வேகம்தான் அட்டையில் ஏறுகிறது. 30 அங்குலம் இழுக்க வேண்டுமென்றால் ஆள் ஆறடிக்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் அளவு என்ன? சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியில் இருந்து மறு நடுவிரல் நுனி வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். வருகிற அங்குலத்தை 2.5-ஆல் வகுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கைவீச்சும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். உங்களுக்கு 68 அங்குலம் என்று வைத்தால் 27.2 வரும். அதாவது 27 அல்லது 27.5.

இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் வேகத்தில் ஏறக்குறைய 10 அடி போய்விடும். இழுவை எடையில் 5 பவுண்டு குறைந்தாலும் அதே அளவு போகும். அப்புறம், வேட்டைக்கு 350 கிரெய்ன் அம்பை யாரும் எடுத்துப் போவதில்லை, எடுத்துப் போகவும் கூடாது. 27.5 அங்குலம், 60 பவுண்டு, 450 கிரெய்ன் அம்பு என்று வைத்தால் அந்த 340 அடி வில் உங்கள் கையில் 260 அடி பக்கம்தான் எய்யும். அதனால் நீங்கள் காசு கொடுப்பது உங்களுக்குக் கிடைக்காத 80 அடிக்கு.

260 போதுமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்பின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அம்பு சுமந்து போகிற ஆற்றல் அடி-பவுண்டில் வரும். 450 கிரெய்ன், 260 அடி என்றால் 67 அடி-பவுண்டுக்கு மேல். பக்கத்து நமீபியாவில் வில்வேட்டைக்குக் குறைந்தபட்ச அளவைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நடுத்தர மானுக்கு 40 அடி-பவுண்டும் 400 கிரெய்ன் அம்பும், பெரிய மானுக்கு 65 அடி-பவுண்டும் 450 கிரெய்ன் அம்பும் இருக்க வேண்டும். உங்கள் 60 பவுண்டு வில் பெரிய மான் வரிசையைக்கூடத் தொட்டுவிடுகிறது. இம்பாலாவுக்கும் நியாலாவுக்கும் தாராளமாகப் போதும்.

இப்போது என் கதை. நான் முதல் புது வில் வாங்கியபோது எனக்கும் ஒரு கடையில் 70 பவுண்டு வில்லைத்தான் கையில் கொடுத்தார்கள். இழுப்பு 29 அங்குலத்தில் இருந்தது. என் அளவு 27.5. யாரும் அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைக்குள் நின்றுகொண்டு, உடம்பு சூடாக இருக்கும்போது இழுத்துப் பார்த்தேன், வந்துவிட்டது. வீட்டுப் பின்புறத்தில் நூறு அம்பு எய்தேன், எல்லாம் நன்றாகவே போயின.

ஜூன் மாதம், சூலுலாந்து முள்காடு, தண்ணீர்க் குட்டை ஓரத்தில் ஒரு ஹைட், அதாவது மானுக்குத் தெரியாமல் உட்காரும் மறைவிடம். விடிவதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தோம். விரல் எல்லாம் விறைத்துப் போயிருந்தது. எட்டரை மணி போல ஓர் இம்பாலா கிடா 22 மீட்டரில் வந்து நின்றது. நாணை இழுத்தேன், வரவில்லை. தோள் மடங்க மறுக்கிறது. வில்லை மேலே தூக்கி, வானத்தைப் பார்த்து இழுத்தால்தான் வரும் போல இருந்தது. தூக்கினேன். மேல் கப்பி ஹைட் ஜன்னலின் பலகையில் தட்டியது. "டொக்" என்று ஒரு சின்னச் சத்தம்தான். குட்டையில் ஒரு மான் மிச்சமில்லை.

அது போகட்டும். மறுநாள் இழுத்துவிட்டேன். ஆனால் இழுத்த களைப்பில் கை ஆடியது. நீளம் ஒன்றரை அங்குலம் அதிகமாக இருந்ததால் நாண் என் தாடையைத் தாண்டிக் காதுப் பக்கம் போய் நின்றது, உடம்பு பின்னால் சாய்ந்தது. அம்பு நெஞ்சுக்குப் பின்னால், வயிற்றில் பட்டது. தடம் பார்க்கிற பெரியவர் ஒருவர் கூட வந்தார். இலையில் கடுகளவு ரத்தம், அது பச்சை கலந்து இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை, தலையை ஆட்டினார். இருட்டும் வரை தேடினோம், கிடைக்கவில்லை. இந்த ஊர் வழக்கப்படி ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் மானுக்குக் காசு கட்ட வேண்டும், கட்டினேன். அந்தக் காசு எனக்கு மறந்துவிட்டது. அந்த மான் எங்கோ முள்ளுக்குள் கிடந்து இரவெல்லாம் செத்திருக்கும் என்பது மறக்கவில்லை. அதனால்தான் வில் வாங்கும் விஷயத்தில் யார் கேட்டாலும் இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

சரி, கடையில் என்ன செய்ய வேண்டும்? ஒரு நாற்காலி கேளுங்கள், சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போதும். உட்கார்ந்து, வில்லை மார்புக்கு நேராக நீட்டி, அங்கிருந்து ஓர் அங்குலம்கூட மேலே தூக்காமல் இழுங்கள். அம்பு வைத்து, முன்னால் அம்பைத் தாங்கும் இலக்கு இருக்கும்போதுதான் இழுக்க வேண்டும். வெறும் நாணை இழுத்துக் கை நழுவினால் வில்லே உடையும், முகத்தில் அடிக்கும். இழுத்த பிறகு ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். அப்புறம் எய்யாமல், மெதுவாக, ஆட்டம் இல்லாமல் நாணைத் திரும்ப விடுங்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் பலருக்கும் வராது. மான் திரும்பி நின்றுவிட்டால் எய்யாமல் இறக்கத் தெரிய வேண்டும். இறக்க முடியாத வில்லைக் கையில் வைத்திருப்பவன், எய்யக் கூடாத நேரத்தில் எய்துவிடுவான்.

இழுத்துப் பிடித்திருப்பதைப் பற்றி இன்னொன்று. காம்பவுண்டு வில்லின் அருமையே அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் மிசூரியைச் சேர்ந்த ஆலன் என்பவர் 1966-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969-ல் கிடைத்தது. வில்லின் இரண்டு நுனியிலும் மையம் விலகிய கப்பியை வைத்தார். கப்பி சுழன்று முடியும்போது கையில் விழுகிற பாரம் குறைந்துவிடும். இதைத்தான் லெட்-ஆஃப் என்கிறோம். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் லெட்-ஆஃப் என்றால் முழுக்க இழுத்த பிறகு கையில் நிற்பது 12 பவுண்டு. 85 என்றால் 9. ஹைட்டில் உட்காருகிறவருக்கு 80-க்கும் 85-க்கும் இடையில் எது கிடைத்தாலும் நல்லது. 90 சதவீதம் வரைகூட இப்போது வருகிறது. ஆனால் கையில் பாரமே இல்லாமல் போனால் பிடி லேசாகத் திரும்பினாலும் வில் கூடவே திரும்பிவிடும் என்பது என் அனுபவம்.

வேகத்துக்காகவே செய்த வில்லில் கப்பியின் வடிவம் முரடாக இருக்கும். பாரம் சட்டென்று ஏறி, கடைசி வரை குறையாமல் நின்று, திடீரென்று பள்ளத்தில் விழுவது போல விழும். முழுதாக இழுத்த பிறகு அரை அங்குலம் முன்னால் விட்டால் போதும், கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். குளிரில் விறைத்த கைக்கு அது வேண்டவே வேண்டாம். பாரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற வில்லாகப் பாருங்கள், அட்டையில் 320 என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை.

"இம்பாலா சத்தம் கேட்டுக் குனிந்துவிடும், அதனால் வேகம் வேண்டும்" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். அது குனிவது உண்மைதான். துள்ளி ஓடுவதற்குக் காலை மடக்கும்போது உடம்பு கீழே இறங்கும், அம்பு மேலே போய்விடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 25 மீட்டர் என்றால் 82 அடி. நாண் சத்தம் அங்கே போய்ச் சேர விநாடியில் நூறில் ஏழு பங்குதான் ஆகும். 260 அடி வேக அம்புக்கு நூறில் 32 பங்கு ஆகும். 290 அடி வேக அம்புக்கு 28 பங்கு. இரண்டுக்கும் முன்பே சத்தம் போய் மான் காதில் விழுந்துவிட்டது. நூறில் மூன்று நான்கு பங்கு மிச்சம் பிடிப்பதைவிட அந்தச் சத்தத்தையே குறைப்பதில்தான் பலன் அதிகம். கனமான அம்பு வில்லின் ஆற்றலை நன்றாக உள்வாங்கிக்கொள்ளும், அதனால் வில் அமைதியாக இருக்கும். கடையில் இரண்டு மூன்று வில்லைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரை எய்யச் சொல்லிக் காதால் கேளுங்கள். வித்தியாசம் தெரியும்.

மற்ற அளவுகள் சுருக்கமாக. இரண்டு கப்பிகளின் அச்சுகளுக்கு இடையே 30-லிருந்து 32 அங்குலம் இருந்தால் ஹைட் ஜன்னலில் இடிக்காது, உங்கள் இழுப்பு நீளத்துக்கு நாண் கோணமும் சரியாக வரும். வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையிலான தூரம் ஆறரை முதல் ஏழு அங்குலம். அதற்குக் கீழே போனால் வேகம் கூடும், ஆனால் அம்பு நாணை விட்டுப் பிரிய அதிக நேரம் எடுக்கும், கை செய்கிற சின்னத் தப்பும் அம்பில் ஏறிவிடும்.

லிம்ப், அதாவது வில்லின் வளைகிற கைகள், அந்த விஷயத்தில் ஏமாறாதீர்கள். "70 வாங்கி 60-க்கு இறக்கி வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள். பெரும்பாலான வில்லில் பத்து பவுண்டு இறக்கலாம் என்பது சரிதான். ஆனால் வில் தன் உச்ச எடைக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். 55 இழுத்துப் பழகிய உங்களுக்கு 50-60 லிம்ப் சரி. அதை உச்சத்தில் வைத்து எய்யுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேத்யூஸ், ஹாய்ட், பிஎஸ்இ, பேர் என்று எந்தக் கம்பெனி வில்லை எடுத்தாலும் அமெரிக்காவில் இருந்து வருகிறது, ரேண்டில் மாற்றினால் கண் கலங்கும். இந்த வருடத்து மாடல்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். போன வருடத்து மாடல் கடையில் மிஞ்சியிருந்தால் அதை எடுத்து, மிச்சப் பணத்தை அம்பிலும் முனையிலும் போடுங்கள். மானைக் கொல்வது வில் அல்ல, அம்பின் முனையில் இருக்கிற அலகு. மடங்கி விரிகிற முனை விரிவதற்கே ஆற்றலைச் செலவழிக்கும். உங்கள் வில்லுக்கு விரியாத, நிலையான அலகு நல்லது. அதைக் கையில் உள்ள ரோமத்தை மழிக்கிற அளவுக்குத் தீட்டி வையுங்கள். அம்புத் தண்டின் விறைப்பு எண் 340 அல்லது 400 பக்கம் வரும். எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். முனையின் எடையைச் சொல்லி, அம்பு செய்தவரின் அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள்.

பழைய வில் வாங்குவதானால் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து லிம்ப் ஓரமெல்லாம் மெதுவாகத் தடவுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே நார் பிளந்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

நம் நாட்டில் வில்லுக்குத் துப்பாக்கி போல லைசென்ஸ் கிடையாது. அதை வைத்து வேட்டைக்கும் அனுமதி வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. குவாசூலு-நட்டாலில் எசெம்வேலோ என்கிற வனவிலங்குத் துறை அலுவலகத்தில் எந்த மான், எந்த மாதம், வில்லுக்கு என்ன நிபந்தனை என்று முதலிலேயே கேளுங்கள். நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே அடிப்பது என்றும் ஒரு வார்த்தை. அமெரிக்க வீடியோக்களில் முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைப்பார்கள். நம் மான்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்கோட்டிலேயே மேலே போய், உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள்.

கடைசியாக, எப்போது வாங்குவது? நம் வீடுகளில் புரட்டாசி பிறந்தால் கவிச்சி கிடையாது, அதற்குள் வேட்டையை முடித்துவிடுவோம். மே, ஜூனில் காட்டில் இருக்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே வில் கையில் இருக்க வேண்டும். புது நாண் முதல் நூறு இருநூறு அம்புக்குள் கொஞ்சம் இளகும். அதில் பொருத்திய பீப் சைட்டும் (குறிபார்க்கிற சின்னத் துளை வளையம்) லேசாகத் திரும்பும். அந்த இருநூறையும் எய்துவிட்டு, வில்லைக் கடைக்கு எடுத்துப்போய் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பழகுங்கள். ஏப்ரலில் குளிர் தொடங்கியதும் விடிகாலையில், உடம்பைச் சூடாக்காமல், எழுந்த கையோடு ஒரே ஓர் அம்பு எய்யுங்கள். அது எங்கே போய்ப் படுகிறது என்று தினமும் குறித்து வையுங்கள். காட்டில் உங்களுக்குக் கிடைக்கப் போவது அந்த முதல் அம்புதான்.