கொப்பி யாருக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோயில் வீதி மணலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஊரவர்களே, வணக்கம்.

தனியார் பாலர் பள்ளிகளால் பிள்ளைகளுக்கு நன்மையா, சுமையா என்பது தலைப்பு. சுமைதான் என்று பேச என்னை விட்டிருக்கிறார்கள். விடாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு முன் பேசிய தம்பி, தன் மகள் மூன்றரை வயதிலேயே கொப்பி நிறைய எழுதுகிறாள் என்று பெருமைப்பட்டார். தம்பி, அந்தக் கொப்பியை ஒருக்கால் விரித்துப் பாருங்கள். ரீச்சர் பென்சிலால் புள்ளி புள்ளியாக 'அ' போட்டிருப்பார். அதன்மேல் ஓடும் கோடு முதல் இரண்டு வரியில் நடுங்கும். மூன்றாம் வரியிலிருந்து அச்சடித்த மாதிரி இருக்கும். அங்கிருந்து எழுதியது அம்மா! சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் அதுதானே?

ரீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். மாதாமாதம் காசு கட்டுபவர்கள் "என்ன படிப்பித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். "இன்றைக்குச் சண்டை பிடிக்காமல் பந்தை மற்றப் பிள்ளைக்குக் கொடுத்தான்" என்று சொன்னால் அடுத்த மாதம் வேறு நேசரி பார்ப்பார்கள். அதனால் கட்டிய காசுக்குக் கொப்பிதான் பற்றுச்சீட்டு. படிப்பது பிள்ளை, திருப்திப்பட வேண்டியது பெற்றோர். சிக்கல் முழுக்க இங்கேதான். ஆண்டு முடிவில் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் பட்டமளிப்பு வேறு. பட்டதாரி மேடையில் வியர்த்து அழுகிறார், கீழே பத்துப் போன் படம் எடுக்கிறது.

பெயர்ப்பலகையில் மட்டும் மொண்டிசோரி. அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி என்ற கல்வியாளர் அம்மையார் 1907இல் ரோமில் முதல் பள்ளியைத் திறந்தது ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு. 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி கொடுத்தவர். அவருடைய முறையில் பென்சிலுக்கு முன்னம் சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்து. பிள்ளை அதை விரலால் தடவித் தடவிப் பழகும். விஜயதசமிக்கு நல்லூர்க் கோயிலிலோ வீட்டுச் சாமியறையிலோ ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதுவிக்கிறோமே, அதே விரல்தான். அடுத்த திங்கட்கிழமையே அந்த விரலுக்குள் பென்சிலைத் திணிக்க என்ன அவசரம்?

"பெரிய பள்ளியில் இடம் கிடைக்க வேண்டாமா?" என்றார் இன்னொருவர். அரச பாடசாலையில் தரம் 1க்கு எழுத்துப் பரீட்சை கிடையாது. ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். அப்புறம் பெரும்பாலும் பார்ப்பது வீடு எவ்வளவு கிட்ட, தாய் தகப்பன் பழைய மாணவரா, அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா என்பதைத்தான். பிள்ளையின் கொப்பியை ஒருவரும் கேட்பதில்லை, வீடு எங்கே என்று காட்டும் கரண்ட் பில்லைத்தான் கேட்கிறார்கள்.

சரி, நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை எங்கே விடுவாள் என்று எதிரணித் தலைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு விடுகிற நேசரி எந்த உத்தியோகத்துக்கு உதவும் அக்கா? வெயிலில் குடையோடு படலையில் நின்று பிள்ளையைக் கூட்டிப்போவது அம்மம்மா. சோறு தீத்தி, நித்திரையாக்கி, பின்னேரம்வரை பார்ப்பதும் அம்மம்மா. அந்த உதவியைத் தனியார் பள்ளியின் கணக்கில் எழுத வேண்டாம் என்று நடுவரைக் கேட்டு இறங்குகிறேன். வணக்கம்.