திரும்பி வரும் பிள்ளை
(மட்டக்களப்பில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மாரே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு பிள்ளை தப்புச் செய்து பிடிபட்டால், "பொடியனைக் கொண்டுபோய் ஒரு சீர்திருத்த இல்லத்தில விட்டா திருந்திருவான்" என்று நம் ஊரில் அடிக்கடி சொல்கிறோம். சரி, திருந்துகிறானா?

சிறுவருக்கென்றே நீதிமன்றம் 1899-இல் முதன்முதலாக உருவான சிகாகோவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 35,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வழக்குகள். யாருடைய வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது அங்கே கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்குவது மாதிரி. சில நீதிபதிகள் சட்டென்று அடைத்துவிடுவார்கள். சிலர் வீட்டுக்கே அனுப்புவார்கள். அதனால் ஒரே மாதிரியான பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. 2015-இல் முடிவு வந்தது: அடைக்கப்பட்டவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது குறைந்தது, வளர்ந்தபின் சிறைக்குப் போவது கூடியது. உள்ளே இருந்தது பெரும்பாலும் ஓரிரு மாதம்தான். ஆனால் அந்த ஓரிரு மாதத்தில் வகுப்பு விட்டுப்போனது, பலர் திரும்பிப் போகவேயில்லை.

இங்கே சட்டம் மோசமில்லை. அடைப்பது கடைசி வழியாக, மிகக் குறுகிய காலத்துக்கே இருக்க வேண்டும் என்ற ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991-இல் ஏற்றது. குற்றப் பொறுப்பு வயதை 8-இலிருந்து 12 ஆக்கியது 2018-இல்.

எனக்குக் கவலை தருவது இல்லத்தின் வாசலுக்கு வெளியே நடப்பது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பிள்ளை. தாய் குவைத்தில் வேலை, அம்மம்மாதான் வளர்த்தா. சைக்கிள் திருடிப் பிடிபட்டான். தூரத்து இல்லத்தில் விட்டார்கள். வயல் வேலைக்குப் போகும் அம்மம்மா இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தது ஒரே ஒரு தடவை. வெளியே வந்தவனைப் பள்ளிக்கூடம் சேர்க்கத் தயங்கியது, கூட்டாளிகளின் தாய்மார் வாசலிலேயே நிறுத்தினார்கள். அவனைக் கூப்பிட்டது யார் தெரியுமா? உள்ளே பழகிய பெரிய பொடியன்கள் மட்டும்தான்.

தப்புச் செய்த பிள்ளைகளைக் கவனித்து வழிநடத்தும் நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு தேடி வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். மானம் போய்விடும் என்று நினைக்காதீர்கள், தாய்மாரே. அந்த ஆள் வருவது பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்பதற்குத்தான். அதிபர்மாரே, பாதியில் வந்தாலும் அவன் பெயரை இடாப்பில் எழுதுங்கள்.

அப்புறம், கல்லடியிலோ வாழைச்சேனையிலோ களுவாஞ்சிகுடியிலோ கராஜ் வைத்திருக்கும் தம்பிமார் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வேலை பழக இப்படிப்பட்ட பொடியன்கள் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு வெல்டிங் நன்றாகவே கைவரும்.