ஆயில் மாத்தின பொறவு வண்டி உதறுதா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் தக்கலைப் பக்கம் கார் ஒர்க்ஷாப் வச்சிருக்கேன். எங்கிட்ட அடிக்கடி வாற ஒரு புகாரப் பத்திதான் இன்னைக்கு பேசப் போறேன். ஆயில் மாத்திட்டு வண்டிய எடுத்தா ஓடும்போது ஒண்ணும் தெரியாது, வெட்டூர்ணிமடம் சிக்னல்ல நிப்பாட்டினதும் உதற ஆரம்பிக்கும், ஸ்டீயரிங்ல கை வச்சா நடுக்கம் தெரியும், ஏசியப் போட்டா சில வண்டி ஆஃபே ஆயிரும். உடனே நம்மாளுக "ஆயில் டூப்ளிகேட்டு", "இஞ்சின் போச்சு"ன்னு முடிவு கட்டிருவாவ. அதுக்குள்ள அப்படி முடிவு கட்டாதீங்க. நேத்து வரை நல்லா நின்ன இஞ்சின் இன்னைக்கு உதறுதுன்னா இடையில நடந்தது என்ன, ஒருத்தரு பானட்டத் தொறந்து கை வச்சிருக்காவ, அவ்வளவுதானே? அப்போ கை பட்ட எடத்துல இருந்துதான் தேடணும்.

முதல்ல ஆயில் ஊத்துற மூடி. இறுகித்தான் இருக்குன்னு மேலாக்க பாத்துட்டு விட்டுறக் கூடாது, கழட்டி உள்ள இருக்க ரப்பர் ரிங்கப் பாக்கணும். அது தட்டையாப் போயிருக்கும், வெடிச்சிருக்கும், இல்லன்னா மூடியில இல்லாம வாயிலயே ஒட்டிக்கிடக்கும். மூடிக்கும் உதறலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இஞ்சினுக்குள்ள உண்டாகுற புகைய பிசிவிங்குற சின்ன வால்வு வழியா திரும்ப இன்டேக்குக்கே, அதான் இஞ்சின் காத்து இழுக்குற வழிக்கே, இழுக்குறாப்லதான் பெட்ரோல் வண்டிய அமைச்சிருக்காவ. மூடி சரியா அடைக்கலன்னா அதே வழியா வெளிக்காத்தும் உள்ள போவும். உள்ள போற காத்த நேரா அளக்குற ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில அந்தக் காத்து சென்சாரத் தாண்டி வராததால கணக்குலயே ஏறாது, இசியூ, அதான் இஞ்சினோட கம்ப்யூட்டர், தெரிஞ்ச காத்துக்கு மட்டும் பெட்ரோல விடும், கலவை மெலிஞ்சு மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது சிலிண்டர்ல சரியா எரியாம விட்டுப்போவும். இன்டேக்குல உள்ள அழுத்தத்த வச்சு காத்த கணக்குப் போடுற மேப் சென்சார் வண்டின்னா உதறலுக்குப் பதிலா ஆர்பிஎம் ஏறி நிக்கும், இல்லன்னா ஏறி ஏறி எறங்கும். ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக் கம்பி முழுசா உள்ள எறங்காம நின்னாலும் இதே கததான்.

ஆனா எங்கிட்ட வாறதுல நிறைய வண்டிக்கு கோளாறு ஏர் ஃபில்டர் பக்கந்தான் இருக்கு, ஏன்னா ஆயிலோட சேத்து ஏர் ஃபில்டரும் மாத்துவாவ. கொளச்சல் பக்கத்துல இருந்து ஒரு வாத்தியாரு காரக் கொண்டு வந்தாவ, ஆயில் மாத்தின எடத்துல பிளக்குக்கு கரண்டு குடுக்குற காயில் மாத்தணும்னு சொல்லிட்டாவளாம். பானட்டத் தொறந்து ஸ்லோல விட்டுட்டு காத குடுத்துக் கேட்டா ஃபில்டர் பாக்ஸுக்கு அடியில இருந்து மெல்லிசா 'உஸ்ஸ்'ஸுன்னு ஒரு சத்தம். காத்த கூட்டிக் கொறைக்குற த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம் போற ஒரு சின்ன வேக்கம் ஹோஸு, அதான் ரப்பர் குழாய், சூட்டுல காஞ்சு வெறகு மாதிரி ஆயிருக்கு, பாக்ஸத் தூக்கும்போது வளைஞ்சு அடிப்பக்கமா கீறிருக்கு, மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. கீறல்ல வெரல வச்சு அடைச்சேன், உதறல் அப்படியே நின்னுது, வெரல எடுத்தா திரும்பவும் உதறுது. ஹோஸ மட்டும் மாத்திக் குடுத்தேன், காயில்ல ஒண்ணுமே இல்ல கேட்டியளா!

கடல்கரை ஓரத்து வண்டிக்கு இன்னொண்ணும் உண்டு. உப்புக் காத்துல சென்சார்ல வயர் மாட்டுற கப்ளருக்குள்ள பச்சை பூத்திரும், ஒரு தடவ கழட்டி மாட்டினா பின்னு சரியாத் தொடாது. கப்ளர் லாக் 'டிக்'குன்னு விழுந்துதான்னு பாக்கணும். கசிவு தேடுறேன்னு சொல்லி சூடான இஞ்சின்மேல கார்ப் கிளீனர் ஸ்ப்ரேய அடிக்காதீங்க, தீப்பிடிக்கிற சாமானம் அது. காதும் வெரலும் போதும், அதுலயும் தெரியலன்னா ஒர்க்ஷாப்புல இன்டேக்குக்குள்ள புகை விட்டு எங்க கசியுதுன்னு பாக்கச் சொல்லுங்க. பெல்ட்டு ஃபேன் பக்கம் மட்டும் கைய கொண்டு போயிராதீங்க.

அடுத்தது ஆயில் அளவு. வண்டிய சமமான தரையில நிப்பாட்டி, இஞ்சின ஆஃப் பண்ணி 5, 10 நிமிஷம் கழிச்சு பாக்கணும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம்லாம் வீட்டு முற்றமே சரிவா இருக்கும், அங்கன நின்னு பாத்தா அளவு தப்பாத்தான் காட்டும். டிப்ஸ்டிக்ல உள்ள ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தா போதும். ஆயில் ரொம்பக் கூடிட்டா கிராங்க் அதுல அடிச்சு நுரைக்கும், இஞ்சின் புகை போற பிரீதர் குழாய் வழியா இன்டேக்குக்கு ஆயில் ஏறும், பிளக்கு நனையும், சைலன்சர்ல நீலப் புகை வரும். அப்படின்னா கூடுதலா இருக்கதை எடுத்துட்டுத்தான் ஓட்டணும்.

ஆயிலோட கிரேடு, அதான் கட்டித்தன்மை, விஷயத்துல எனக்கு கோபமே வரும். நம்ம ஊரு சூட்டுக்கு கட்டி ஆயில்தான் நல்லதுன்னு சொல்லி 0டபிள்யூ-20ங்குற மெல்லிய ஆயில் கேக்குற இஞ்சினுக்கு 20டபிள்யூ-50ங்குற கட்டி ஆயில ஊத்துறாவ. இப்போ உள்ள நிறைய வண்டியில வால்வு டைமிங்க, அதான் வால்வு தொறந்து மூடுற நேரத்த, மாத்துறதே ஆயில் பிரஷர்தான், ஆயில் கட்டியா இருந்தா அது நெனச்ச நேரத்துக்கு நகராது. வண்டியோட கொடுத்த புக்குல என்ன போட்டிருக்கோ அதைத்தான் ஊத்தணும்.

சர்வீஸோட த்ராட்டில் பாடிய கிளீன் பண்ணினாலோ பேட்டரி வயரக் கழட்டினாலோ கொஞ்ச நேரத்துக்கு ஐடில், அதான் வண்டி நிக்கும்போது இஞ்சின் ஓடுற வேகம், ஒழுங்கா நிக்காம இருக்கலாம், இசியூ திரும்பப் படிக்கணும், சில வண்டிக்கு அதை ஸ்கேனர் வச்சுத்தான் செய்ய முடியும். டீசல் வண்டின்னா டீசல் ஃபில்டர் மாத்தினாவளான்னு கேளுங்க, மாத்தியிருந்தா முதல்ல ஏர் லாக்கப் பாக்கணும், அதான் டீசல் லைன்ல காத்து அடைச்சிருக்கான்னு.

செக் இஞ்சின் லைட் எரிஞ்சா ஸ்கேனர்ல காட்டுற பிழைக் கோட எழுதி வாங்காம அழிக்க விடாதீங்க. பி0171னா கலவை மெலிஞ்சிருக்குன்னுதான் அர்த்தம், ஆக்சிஜன் சென்சார மாத்துன்னு அர்த்தம் இல்ல. பி0300னா சிலிண்டர் மாறி மாறி மிஸ்ஸிங் அடிக்குது, பி0301ன்னா முதல் சிலிண்டர், அங்க போயி காயில் கப்ளரையும் பிளக்குக் குழியில ஆயில் சிந்திருக்கான்னும் பாக்கணும்.

அந்த லைட் விட்டு விட்டு மின்னிச்சுன்னா மட்டும் ஓட்டவே ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ணுற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் சூடேறி அதையே உருக்கிரும், அது மாத்துறதுக்கு பெரிய தொகை. செவப்பு ஆயில் லைட் எரிஞ்சாலும் அப்படித்தான், மார்த்தாண்டம் பாலத்துமேல நின்னாலும் சரி, ஓரமா ஒதுக்கி சாவிய ஆஃப் பண்ணிட்டு மெக்கானிக்குக்கு போன் பண்ணுங்க. நன்றி, வணக்கம்.