துடுப்பு பிடிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது?

நடுவர் அவர்களே, அடுத்தவருக்கு உதவுவதில் மகிழ்ச்சி உண்டு என்பது எங்கள் கட்சி. இல்லை என்கிற எதிரணியின் முதல் பேச்சாளர் கடலை வைத்தே எங்களை மடக்கப் பார்த்தார். "இன்ஜின் நின்ற படகை இழுத்து வருகிறவனுக்கு டீசல் நட்டம், அன்றைய மீன்பாடு நட்டம். நாளைக்குத் தன் படகு நின்றால் எவனாவது வரவேண்டுமே என்ற கணக்கில்தான் போகிறான். இதில் மகிழ்ச்சி எங்கே?" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

கணக்கு இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்கு மேல் ராமேஸ்வரம் படகுகள் கடலுக்குள் போகும்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். தண்ணீருக்கடியில் படகைத் தள்ளுகிற விசிறியில் வலை சுற்றி நின்றுபோன படகை அது இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுப் பக்கமாகத் தள்ளும். உதவப் போகிறவர் தன் வலையை வாரிக்கொண்டு கிளம்ப வேண்டும். கயிற்றை நீளமாக விட வேண்டும். குட்டையாகக் கட்டினால் ஒரு படகு அலை ஏறும்போது மற்றது இறங்கும், வெட்டி இழுக்கிற இழுப்பில் கட்டு பிய்ந்துவிடும். கயிறு விறைத்து நிற்கும்போது நேர் பின்னால் ஆள் நிற்கக் கூடாது, அறுந்தால் சாட்டை மாதிரி வரும். வெறும் கணக்குக்காரர் என்றால் கடலோரக் காவல் படையின் 1554-க்குத் தகவல் சொல்லிவிட்டு வலையைப் போடப் போயிருப்பாரே!

சரி, கடலில் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கரைக்கு வாருங்கள், கீழக்கரைக்கு. நோன்பு மாதத்தில் பத்துக் கிலோ நொய்க்குக் கஞ்சி என்றால் இரண்டு கிலோ பாசிப்பருப்பு, கால் கிலோ வெந்தயம், எண்பது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். நொய் மலர்ந்ததும் அடிபிடிக்கப் பார்க்கும், அதனால் தீயைக் குறைத்துவிட்டுத் கஞ்சி கிண்டுகிற நீளக் கட்டையான துடுப்பை அடியோடு ஓட்ட வேண்டும். ஒருமுறை பிடித்துவிட்டால் சுரண்டவே கூடாது. சுரண்டினால் தேக்சா என்கிற அந்தப் பெரிய பாத்திரம் முழுக்கத் தீய்ந்த வாடை. மேல் கஞ்சியை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதுதான் வழி. தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும்.

இந்த வேலையைச் செய்கிறவர் யார்? அவரும் நோன்பாளி. அடுப்பு வெக்கையில் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளிடம் எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அவர்கள் யாரும் நாளைக்கு இவருக்குக் கஞ்சி காய்ச்சித் தரப்போவதில்லை. எதிரணியின் கணக்கு நோட்டில் இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

ஆராய்ச்சி வேண்டுமா? 2008-இல் கனடாவில் 46 பேரிடம் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்கும் மீதிப் பேரை அடுத்தவருக்கும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். அடுத்தவருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். வரி போலப் பிடித்துக்கொண்ட பணம் உணவு வங்கிக்குப் போனபோதே மூளையின் இன்பப் பகுதி விழித்தது. தானே விரும்பிக் கொடுத்தபோது இன்னும் அதிகமாக விழித்தது.

இந்த 'விரும்பி' என்பதைத்தான் எதிரணி விட்டுவிட்டது. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளைக் காட்டி, "இவள் முகத்தில் மகிழ்ச்சி உண்டா?" என்று கேட்டார்கள். இல்லைதான். அவளை யாரும் கேட்டு அந்த வேலையைக் கொடுக்கவில்லை, மாற்று ஆளும் இல்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். அந்த இரண்டு மணியை ராத்திரியிலும் ஒருத்தியே எண்ணினால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? கஞ்சித் துடுப்பையே மூன்று நான்கு பேர் கை மாற்றிப் பிடிக்கிறார்கள்.

கொடுக்கிற விதமும் கெடும். 2004 சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. என்ன வேண்டும் என்று கேட்காமல் அனுப்பியது அது. வீட்டு அலமாரியைக் காலி செய்ததை உதவிக் கணக்கில் சேர்த்துவிட்டு, உதவியில் மகிழ்ச்சி இல்லை என்றால் எப்படி?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடித்துவிடுகிறேன். அந்த மருமகளின் வீட்டில் மகனோ நாத்தனாரோ வாரத்தில் மூன்று ராத்திரி முறை எடுத்துக்கொண்டால் அப்போதும் அவள் முகம் அப்படியேதான் இருக்குமா? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.