புழுவைக் காட்டிக்கொடுக்கும் சமையல் வாசனை

நேயர்களுக்கு வணக்கம். மண்பானை வாங்கினால் சுண்டிப் பார்க்கிறோம், தர்பூசணி என்றால் தட்டிப் பார்க்கிறோம். உள்ளே இருப்பதை வெளியே நின்று அறிய நமக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில் ரிஸ்ஸா என்றொரு ஒட்டுண்ணிக் குளவி உண்டு. அடிமரத்துக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் புழுவை அது வெளியிலிருந்தே கண்டுபிடித்து, அதன்மேல் முட்டையிட்டுவிடும்.

எப்படி என்கிறீர்களா? அந்தப் புழு சைரெக்ஸ் என்ற மரக்குளவியின் பிள்ளை. தாய் சைரெக்ஸ் மரத்தைத் துளைத்து முட்டையிடும்போதே ஒரு பூஞ்சையையும் உள்ளே செலுத்திவிடும். பூஞ்சை மரத்தைப் பதப்படுத்திக் கொடுக்க, புழு அதைத் தின்று வளரும். பிள்ளைக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் அடுப்பு எரிந்தால் வாசனை தெருவுக்கு வராமலா இருக்கும்? தவளை தன் வாயால் கெடும்; இந்தப் புழு தன் சமையலால் கெடுகிறது. ரிஸ்ஸா தேடி வருவது அந்தப் பூஞ்சையின் வாடையைத்தான்.

எனக்கு இதில் வியப்பான இடம் வேறு. இபாலியா என்ற இன்னொரு குளவியும் இதே வாடைக்கு வரும். ஆனால் பூஞ்சை இளசாக இருக்கும்போதே வந்து, முட்டையையும் குட்டிப் புழுவையும் பிடித்துக்கொள்ளும். பூஞ்சை முற்றி, புழு கொழுத்த பிறகுதான் ரிஸ்ஸா வரும். ஒரே வாசனையில் புழுவின் வயதும் தெரிந்துவிடுகிறது, பாருங்கள்!

சைரெக்ஸ் 1900 வாக்கில் நியூசிலாந்துக்குள் நுழைந்து, பின்னாளில் அங்கே பைன் தோட்டங்களைப் பாழாக்கியது. அதை அடக்க, 1920-களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து ரிஸ்ஸாவைக் கப்பலேற்றினார்கள். இபாலியாவும் பிறகு போனது.

சரி, நம் பானை வித்தைக்கு வருவோம். அதுவும் குளவிகளிடம் இருக்கிறது. ஒருசிடே குடும்பத்துக் குளவிகள் உணர்கொம்பின் நுனியால் மரத்தைத் தட்டும். திரும்பி வரும் அதிர்வை முன்னங்கால்களில், முழங்காலுக்குக் கீழே உள்ள உறுப்பால் உணரும். காலில் காது என்றே சொல்லலாம்.

இடம் தெரிந்துவிட்டது. இனி ரிஸ்ஸா துளைக்க வேண்டும். வயிற்றை மேலே தூக்கி, உடலைவிட நீளமான, தலைமுடி மாதிரி மெல்லிய ஊசியைச் செங்குத்தாக மரத்தில் நிறுத்தும். அந்த ஊசி மூன்று இழைகள் சேர்ந்தது. ஒன்று பிடித்துக்கொள்ள ஒன்று முன்னேற, இழைகள் மாறி மாறி வழுக்கிக்கொண்டு மரத்துக்குள் இறங்கும். இப்படி மரம் துளைக்கும் குளவிகள் பலவற்றின் ஊசி நுனியில் மாங்கனீசோ துத்தநாகமோ கலந்து இறுகியிருக்கும். புழுவைத் தொட்டதும் முதலில் கொட்டி அதை அசையவிடாமல் செய்யும். பிறகு முட்டை அந்த ஊசிக்குள் நூலாக நீண்டு, நசுங்கி நசுங்கி இறங்கும்.

பிறகு ஒருநாள் மரத்தைக் கடித்துத் துளைபோட்டு ஒரு குளவி வெளியே வரும். அது சைரெக்ஸ் அல்ல.