அக்கா ஓய்வெடுக்கட்டுமா, வகுப்புக்குப் போகட்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுக்கப் போகிறேன். படித்த நாளிலிருந்து அது மனசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியே வாசிக்கிறேன்.

“என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அசதி மட்டும் போகவே இல்லை. மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். சிகிச்சை முடித்தவர்கள் சேர்ந்து செய்யும் வகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் சேரலாமே என்கிறார். அக்காவோ, ‘நாலு நோயாளிகளைப் பார்த்தால் இருக்கிற தைரியமும் போய்விடும், நான் வீட்டிலேயே நடந்துகொள்கிறேன்’ என்கிறார். கை வீங்கிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. பாவம், ஓய்வெடுக்கட்டுமே என்றுதான் எங்களுக்கும் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?”

ரொம்ப அக்கறையாகக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. ‘பாவம், ஓய்வெடுக்கட்டுமே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். கீமோவுக்குப் பிறகு தூக்கம் ஏன் கெடுகிறது என்று பேசியபோது இதைச் சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். புற்றுநோய் தரும் அசதி, வேலை செய்து அலுத்துப்போய் வரும் அசதி மாதிரி கிடையாது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அது அப்படியே இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: இந்த அசதி படுத்தால் தீராது.

ஏன் என்று பார்ப்போம். நோயும் சிகிச்சையும் உடம்புக்குள் அழற்சியை உண்டாக்குகின்றன. ஹீமோகுளோபின் குறைகிறது. தூக்கம் துண்டு துண்டாகிறது. மனசு வேறு கனத்துப் போயிருக்கிறது. இதெல்லாம் போக, மாதக்கணக்கில் கட்டிலும் நாற்காலியுமாக இருந்ததில் தசை கரைந்துவிடுகிறது, முக்கியமாகத் தொடைத் தசை. முன்பு நினைக்காமலே ஏறின பத்துப் படிக்கு இப்போது இருக்கிற பலத்தையெல்லாம் திரட்ட வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது, போய்ப் படுக்கிறார். படுக்கப் படுக்கத் தசை மேலும் குறைகிறது, அடுத்த வாரம் ஐந்தாவது படியிலேயே மூச்சு வாங்குகிறது. வீட்டில் இருக்கிறவர்கள் அன்பாகத்தான் ‘நீ எழுந்திருக்காதே, நான் எடுத்துத் தருகிறேன்’ என்கிறோம். எழுந்திருக்கும் அந்த நாலைந்து வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

2017இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 113 ஆய்வுகள், மொத்தம் 11,000 பேருக்கு மேல். புற்றுநோய் அசதிக்கு எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். உடற்பயிற்சியும், மனசுக்குத் தரும் ஆலோசனையும் மருந்துகளைவிட நல்ல பலன் தந்திருந்தன. அசதி என்று வருகிறவர்களை நான் முதலில் எழுந்து நடமாடத்தான் சொல்கிறேன் என்றால் காரணம் இதுதான். அதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ரத்தம் குறைவாக இருக்கிறவரை நடக்கச் சொல்லி மட்டும் சரிப்படுத்த முடியாது.

சரி, பயிற்சி என்றால் என்னவோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வகுப்பில் முதல் பயிற்சி நாற்காலியிலிருந்து எழுவதுதான். ஒரு அம்மா வந்தார். கைப்பிடி இரண்டையும் பிடித்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, ‘ம்ம்’ என்று ஒரு மூச்சுப் பிடித்துத்தான் எழ முடிந்தது. எதிர் நாற்காலியில் இருந்தவர் சிகிச்சை முடித்து ஒரு வருடம் ஆனவர். அவர் நான் சொல்லாமலே, “பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள், மூக்கு முட்டிக்கு நேராக வரட்டும், இப்போ எழுந்திருங்கள்” என்றார். எழுந்துவிட்டார். கைப்பிடியைத் தொடாமல் எழ இன்னும் சில வாரம் பிடித்தது, ஆனால் அன்றைக்கே உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கினார். அதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் அது பிசியோதெரபிஸ்ட் சொன்னது. எதிரில் இருந்தவர் சொன்னபோது, தானும் அப்படி ஆட்டி ஆட்டி எழுந்த ஒருத்தர் சொன்னது. குழுவில் நடப்பது இதுதான்.

கை வீக்கத்துக்கு வருவோம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தாலோ, அங்கே ரேடியேஷன் கொடுத்திருந்தாலோ நிணநீர், அதாவது திசுக்களில் சேரும் நீர், வடியும் வழி குறைந்து கை வீங்கலாம். உண்மைதான். அதனால் அந்தக் கையால் எதையும் தூக்காதே, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாதே என்றுதான் ரொம்ப காலம் மருத்துவ உலகமே சொல்லிவந்தது. 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நீளமான படகு, இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து எல்லோரும் ஒரே தாளத்தில் துடுப்புப் போட வேண்டும். தோளும் கையும் திரும்பத் திரும்ப வேலை செய்யும் விளையாட்டு, அதாவது எதைச் செய்யக்கூடாது என்றார்களோ அதுவேதான். படிப்படியாகப் பயிற்சி கொடுத்துத் தண்ணீரில் இறக்கினார். புதிதாக ஒருவருக்கும் கை வீங்கவில்லை. சீசன் முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் படகை விடவில்லை. இன்று உலகம் முழுக்க எத்தனையோ நாடுகளில் அப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன.

24 பேரை வைத்து முடிவு சொல்லலாமா என்று கேட்பீர்கள். நியாயம். 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். குறைந்த எடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வீக்கம் கூடாமல் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு செய்தார்கள். வீக்கம் கூடவில்லை. திடீரென்று வீக்கம் மோசமாகிச் சிகிச்சை தேவைப்பட்டது பயிற்சி செய்யாதவர்களில் எத்தனை பேருக்கோ, அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பயிற்சி செய்தவர்களில் தேவைப்பட்டது. அதனால் அக்கா கையை ஒளித்து வைக்க வேண்டாம். மெதுவாகக் கூட்டினால் போதும். கை திடீரென்று வீங்கினாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ அன்று பயிற்சி வேண்டாம், நேராக மருத்துவர்.

அப்புறம், வீட்டிலேயே நடந்தால் போதாதா? நடப்பவருக்குப் போதும். கஷ்டம் என்னவென்றால், மூன்றாவது வாரம் ஒரு நாள் உடம்பு முடியாமல் போகும், மறுநாள் மழை, அதற்கடுத்த நாள் யாராவது வருவார்கள், அதோடு நின்றுவிடும். வகுப்பில் அப்படி நின்றால் “ஏன் செவ்வாய்க்கிழமை வரவில்லை?” என்று கேட்க ஆள் இருக்கிறது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதும், யாராவது கூட இருந்து மேற்பார்வை செய்யும் பயிற்சியில் பலன் கூடுதலாகவே தெரிகிறது.

2025இல் வந்த ஒரு ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும், எனக்கு அது அவ்வளவு முக்கியம். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேர், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும். பாதிப் பேருக்கு உடல்நலம் பற்றிய கையேடு மட்டும் கொடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கையேட்டோடு ஒவ்வொருவருக்கும் ஒரு ஆலோசகரையும் கொடுத்து, மூன்று வருடம் பயிற்சியில் கூடவே இருக்கச் செய்தார்கள். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கையேடு மட்டும் வாங்கியவர்களில் 73.9 சதவீதம், பயிற்சி செய்தவர்களில் 80.3. எட்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கையேட்டுப் பிரிவில் 83.2 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 90.3. தசை, மூட்டுத் தொந்தரவு பயிற்சி செய்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், அதையும் மறைக்கக்கூடாது. இது குடல் புற்றுநோய், அக்காவுக்கு மார்பகம், ஆகவே இந்த எண்களை அப்படியே தூக்கிப் பொருத்தாதீர்கள். அது குழு வகுப்பும் இல்லை. ஆனால் கவனியுங்கள், இரண்டு பக்கத்துக்கும் உடற்பயிற்சி நல்லது என்று தெரியும். கையேடு மட்டும் வாங்கியவர்களும் படித்திருப்பார்கள். வித்தியாசம், கூட ஒரு ஆள் இருந்ததில்தான்.

‘நாலு நோயாளிகளைப் பார்த்தால் தைரியம் போய்விடும்.’ அக்கா சொன்ன இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நிறையப் பேர் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே வந்து பார்த்தால் அங்கே யாரும் வட்டமாக உட்கார்ந்து நோய்க்கதை சொல்வதில்லை. நகம் கறுத்தது எப்போது மாறும், விரல் நுனி மரத்துப்போனதில் சட்டைப் பொத்தான் எப்படிப் போடுவது, புதிதாக முளைக்கிற முடி ஏன் சுருளாக வருகிறது, இதுதான் பேச்சு. யாராவது “நாளைக்கு ஸ்கேன்” என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான், ஆனால் அந்தத் தலையாட்டலை வீட்டில் யாராலும் தர முடிவதில்லை. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்த ஒருவர், வேர்க்கிறது என்று பாதிப் பயிற்சியில் அதை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அடுத்த எண்ணிக்கைக்குக் கையைத் தூக்கினார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளைகள் முன்னால்கூடத் துணியைக் கழற்றாதவர் அவர் என்று பிறகுதான் தெரிந்தது.

எல்லோருக்கும் கூட்டம் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று முறை போய்ப் பார்க்கட்டும், பிடிக்கவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட் துணையோடு தனியாகச் செய்யலாம். வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமே வேண்டாம், தொற்று வரலாம். சளி இருமல் இருப்பவர்கள் வகுப்புக்கு வராமல் இருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

அளவு? 2019இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் மிதமான பயிற்சி, வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று இருக்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் மிதம். அக்கா பத்து நிமிடத்தில் தொடங்கட்டும்.

இந்தக் கேள்வியைப் படித்தபோது, யாராவது இன்னொன்றையும் கேட்க மாட்டார்களா என்று இருந்தது. நோய் மற்ற இடங்களுக்குப் பரவியவர்கள் வரலாமா? யாரும் கேட்பதில்லை. ‘இனி எதற்கு’ என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன்: வரலாம், வர வேண்டும். 2024இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 357 பேர் கலந்துகொண்டார்கள், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும். ஒன்பது மாதம் மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களுக்கு அசதி குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. பரவிய நோயிலும் அந்த அசதி படுத்தால் தீராது, பாருங்கள். இவர்களுக்குக் குறிக்கோள் வேறாக இருக்கும். யாரையும் எழுப்பாமல் இரவில் பாத்ரூம் போய் வர வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதற்கு வேண்டியது தொடைப் பலமும் தடுமாறாத காலும், இரண்டையும் பழக்க முடியும். அப்படிப்பட்டவர்கள் இருக்கும் குழுவில் ஒரு நாள் ஒரு நாற்காலி காலியாகும். அன்று மற்றவர்கள் பயிற்சி செய்வதில்லை, உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்த வகுப்புக்கு வந்துவிடுவார்கள். அக்கா பயப்படுவது இதைத்தான் என்றால், அந்தப் பயம் உண்மையானது, நடக்கும் என்பதைச் சொல்லித்தான் அழைத்துப் போக வேண்டும்.

எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த எலும்பு என்று தெரியாமல் பயிற்சி தொடங்கவே கூடாது. முதுகெலும்பில் இருந்தால் குனிந்து தூக்குவதும் இடுப்பை முறுக்குவதும் கிடையாது, இடுப்பு எலும்பிலோ தொடை எலும்பிலோ இருந்தால் குதிப்பது கிடையாது. மற்ற பயிற்சிகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். புதிதாக எலும்பு வலி, காய்ச்சல், நெஞ்சு வலி, தலைசுற்றல் இருந்தாலும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ரொம்பக் குறைந்திருந்தாலும் அன்று நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். பாதம் மரத்திருப்பவர்கள் சுவர் ஓரமாக நின்று செய்யுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன் அம்மா. முதல் வகுப்புக்கு அக்காவோடு நீங்களும் போங்கள், வெளியில் காத்திருக்காமல் உள்ளே போய் நீங்களும் கையைத் தூக்குங்கள். பயிற்சி கொடுப்பவரிடம் என்ன அறுவை சிகிச்சை, எந்தப் பக்கம் நெறிக்கட்டி எடுத்தார்கள், கீமோவில் இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து இருந்ததா என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். போய்வந்த பிறகு எழுதுங்கள். ஹார்மோன் மாத்திரையால் மூட்டு வலி என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார், அதை அடுத்த முறை எடுக்கிறேன்.